கிளட்ச் மாமியின் பின் இருக்கை

கொல்கத்தாவில் ஓடுகிற மோட்டார் சைக்கிள்களை எண்ணி முடிக்க யாராலும் ஆகாது. ஆனால் கட்டிய கணவரைப் பின்னால் உட்காரவைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கப்பட்ட வண்டி அவற்றில் ஒன்றே ஒன்றுதான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். வாங்கியவர் கிளட்ச் மாமி. அப்போது அவருக்கு வயது ஐம்பத்துநான்கு. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம், அதில் அந்த ஓர் அங்குலம் சந்தேகத்துக்குரியது.

லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் மாமி கீழ்த்தளம், நானும் என் மனைவியும் முதல் மாடி. மாமி பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்த மறு வாரமே கருப்பு நிறத்தில் பழைய பைக் ஒன்றை வாங்கிவிட்டார். ஸ்கூட்டராக வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன்.

"ஸ்கூட்டர் கத்திரிக்கா வாங்கப் போறதுக்கு. பைக், போறதுக்காகவே போறதுக்கு" என்றார்.

அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் தெருமுனை மெக்கானிக் போல்ட்டு தா, அதாவது போல்ட்டு அண்ணா. "மாஷிமா, முதல்ல கிளட்ச், அப்புறம் கியர்" என்று வங்காளத்தில் அவர் ஓதிய மந்திரத்தை மாமி ஒரே வாரத்தில் உரு ஏற்றிவிட்டார். அது உடம்பிலும் ஏறிவிட்டது. பேச்சை மாற்ற வேண்டுமென்றால் மாமியின் இடது கை காற்றில் ஒருமுறை மூடித் திறக்கும். என் மனைவி அவள் நாத்தனார் வளைகாப்புப் புராணத்தை அரைமணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தக் கை மெல்ல மூடித் திறந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "அது கெடக்கட்டும், நீ இட்லி அரிசி எந்தக் கடையில வாங்கறே?" என்றார் மாமி. நாத்தனார் அந்த இடத்திலேயே இறக்கிவிடப்பட்டாள்.

இனி மாமா. இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் மோட்டார் சர்வேயர். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எங்கே இடித்தது, எப்படி இடித்தது, யார் மேல் தப்பு என்று அறிக்கை எழுதுகிற உத்தியோகம். தெருவில் எல்லோருக்கும் அவர் சர்வேயர் மாமா. ஆறடி உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன டேப். நாம் எல்லாம் ரோட்டில் வண்டிகளைப் பார்க்கிறோம். அவர் ஃபைல்களைப் பார்த்தார். சிக்னலில் புதுத் தம்பதி ஒன்று பைக்கில் சிரித்துக்கொண்டு நின்றால், "முன் ஃபோர்க் வளையும். பொண்ணுக்கு இடது கணுக்கால்" என்பார். ஒரு கல்யாணத்தில் மாமனார் மாப்பிள்ளைக்கு பைக் சாவியை நீட்ட, சபையே கைதட்டியபோது, இவர் மட்டும் எழுந்து போய் ஹாண்டில்பாரைத் தடவிப் பார்த்து, "முதல் அடி இங்கதான்" என்று சொல்லிவிட்டு வந்து பாயசம் சாப்பிட்டார். அதன்பிறகு அந்தக் குடும்பம் இவர்களை எதற்கும் அழைக்கவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து இரண்டு சக்கரம் உள்ள எதிலும் மாமா ஏறியதில்லை. எங்கேயும் நடைதான். கூட மாமி வந்தால் அவர் பத்தடி முன்னால் போவார், மாமி பத்தடி பின்னால் வருவார். இந்தப் பத்தடி எங்கள் கட்டடத்தில் பிரசித்தம். எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்தால் "என்னை என்ன கிளட்ச் மாமின்னு நெனச்சேளா?" என்று அவள் கேட்கிற அளவுக்கு.

பைக் வந்த அன்று கீழ்த்தளத்தில் ரகளை. சமாதானம் பண்ணுகிற சாக்கில் வேடிக்கை பார்க்க நானும் இறங்கினேன்.

"அறுபது வயசுக்காரனை சாகடிக்கறதுக்கு வேற வழியே தோணலையா உனக்கு?" என்றார் மாமா.

"முப்பது வருஷமா இவர் முதுகைப் பாத்துண்டே நடந்திருக்கேன்" என்று மாமி என்னிடம் முறையிட்டார். "கரியாஹாட்டுக்குப் போனாலும் அதே முதுகு, காளிகாட்டுக்குப் போனாலும் அதே முதுகு. ஒரு நாளாவது இவர் என் முதுகைப் பாத்துண்டு வரட்டுமே. நான் வேறென்ன கேட்டேன்?"

மாமா கொஞ்ச நேரம் டேப்பை இழுத்து இழுத்து விட்டார். பிறகு தீர்ப்பு சொன்னார். "மகாளய அமாவாசை வரைக்கும் டயம். அதுக்குள்ள நான் பின்னாடி உக்காந்து, பயமில்லாம ஒரு சவாரி வரணும். இல்லேன்னா வண்டியை வித்துடணும்."

"பயம் இருந்துதா இல்லையான்னு யார் சொல்றது?"

"நான்தான். எழுத்துல குடுப்பேன்."

மாமி உடனே ஒப்புக்கொண்டார். நோயாளியே டாக்டராக இருந்து சர்டிபிகேட் கொடுக்கிற ஏற்பாடு இது, இதற்குப் போய் சம்மதித்தீர்களே என்று பிற்பாடு கேட்டேன். "இவர் வாயால பொய் சொல்வார். எங்கம்மா சமையல் நன்னா இருக்குன்னே சொல்லியிருக்கார். ஆனா எழுத்துல சொல்ல மாட்டார்" என்றார் மாமி. அது உண்மைதான். பொய் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மூன்று தடவை மாற்றல் வாங்கிக்கொண்ட மனுஷர் அவர்.

மறுநாள் மாமா ஆட்சேபப் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். நாற்பது ஆட்சேபம். எண், ஆட்சேபம், தீர்வு, கையொப்பம் என்று நாலு கட்டம். ஒவ்வொன்றுக்கும் மாமி தீர்வு காட்ட வேண்டும், மாமா பரிசோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், நான் சாட்சி. என்னை யார் சாட்சி ஆக்கினார்கள் என்று கேட்காதீர்கள். வேடிக்கை பார்க்கப் போனவனைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

சைலன்ஸர் காலைச் சுடும் என்பது முதல் ஆட்சேபம். போல்ட்டு தா கம்பி வலை ஒன்றை மாட்டினார். மாமா வீட்டில் ஜுரத்துக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரை அதில் வைத்துப் பார்த்தார். தெர்மாமீட்டர் உடைந்தது, ஆட்சேபம் இரண்டு நாள் நிலுவையில் இருந்தது. நாய் துரத்தினால் பின்னால் இருப்பவன் காலைத்தான் முதலில் கவ்வும் என்பது இன்னொன்று. அதற்காக கிரிக்கெட் பேடு வாங்கி, அதைக் கட்டிக்கொண்டு மாமா தெருவில் வெள்ளோட்டம் நடந்தார். எங்கள் தெரு நாய்கள் அவரைப் பார்த்து ஒதுங்கி நின்றன. மதிப்பா, பரிதாபமா தெரியாது.

பதினேழாவது ஆட்சேபத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஓட்டுகிறவருக்குத் தும்மல் வந்தால் என்ன ஆகும்? மாமி சளைக்கவில்லை. சமையலறைக்குப் போய் மிளகுப்பொடி டப்பாவை எடுத்துவந்தார். என்னைப் பின்னால் ஏறச் சொன்னார்.

"நான் எதுக்கு மாமி? நான் சாட்சிதானே?"

"சாட்சி கிட்ட இருந்து பாக்கணும்."

மாமி ஒரு சிட்டிகையை உறிஞ்சிவிட்டு வண்டியைக் கிளப்பினார். லேக் பக்கத்துச் சாலையில் நேர்கோட்டில் போய்க்கொண்டே ஏழு தும்மல் தும்மினார். வண்டி ஒரு அங்குலம் விலகவில்லை. விலகாததை நான் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்துகொண்டிருந்தேன். நடைபாதையில் நின்று பார்த்த மாமா "நேராத்தான் போச்சு" என்று கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் சொந்த ஊர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்ததற்கு ஆபீசில் நான் என்ன காரணம் சொன்னேன் என்பது இங்கே வேண்டாம்.

ஹெல்மெட்டால் மூச்சு முட்டும் என்று ஓர் ஆட்சேபம். வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள் என்றார் மாமி. மாமா ஒரு வாரம் ஹெல்மெட்டோடு பேப்பர் படித்தார், ஹெல்மெட்டோடு டிவி பார்த்தார், முன் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டார். பாத்திரம் தேய்க்க வரும் பெண் முதல் நாள் கதவைத் திறந்ததும் வாளியைப் போட்டுவிட்டு எங்கள் மாடிக்கு ஓடிவந்தாள். அப்புறம் பழகிவிட்டது. ஒருநாள் ஹெல்மெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று விசாரித்தாளாம்.

பட்டியல் பாதி தாண்டியதும் உட்காருகிற பயிற்சி. தினமும் சாயந்தரம் ஐந்து மணிக்கு வண்டியை வாசலில் நடு ஸ்டாண்டில் நிறுத்துவார் மாமி. பெட்ரோல் குழாய் மூடியிருக்கும், சாவி என் பையில் இருக்கும். மாமி முன்னால், மாமா பின்னால், இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு அரைமணி நேரம். வண்டி நகராது. ஆனால் மாமி நகர்த்துவார்.

"இப்போ சதர்ன் அவென்யூ. ரெட் சிக்னல். நிக்கறோம். பச்சை. கெளம்பறோம். இதோ கோல்பார்க் திரும்பப் போறேன், என்னோட சேர்ந்து சாயுங்கோ. எதிர்ப்பக்கம் சாயாதீங்கோ, நாம என்ன கயிறு இழுக்கற போட்டியா நடத்தறோம்?"

"மெதுவாப் போ" என்பார் மாமா, நின்றுகொண்டிருக்கிற வண்டியில்.

எதிர் வீட்டு பானர்ஜி பாபு டீ கோப்பையோடு வந்து, இன்று எங்கே பயணம் என்று கேட்பார். ஒரு சனிக்கிழமை அவர்கள் திகா கடற்கரை வரை போய்த் திரும்பினார்கள். வழியில் கோலாகாட் தாண்டும்போது மாமா நிஜமாகவே ஒரு பக்கம் குனிந்து லாரிக்கு வழி விட்டதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "தூரம் ஜாஸ்தி" என்றார்.

அப்போதுதான் தட்டும் முறையை மாமி வகுத்தார். ஓடுகிற வண்டியில் பேச்சு கேட்காது, தோளில் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் மெதுவா போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து.

"மூணு தட்டு?" என்று நான்தான் கேட்டேன்.

மாமி கொஞ்சம் யோசித்தார். "மூணு தட்டினா, நன்னா இருக்குன்னு அர்த்தம்."

"அதுக்கு அவசியம் வராது" என்றார் மாமா.

ஆகஸ்டில் ஒரு பந்த் வந்தது. கடைகள் அடைப்பு, பஸ் இல்லை, ரோடு காலி. கொல்கத்தாக்காரர்கள் பந்த் நாளில் தூங்குவார்கள், மீன் வறுப்பார்கள், நடு ரோட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள். மாமி மட்டும் கிளட்ச் பிடித்தார். பின்னால் மாமாவோடு முதல் நிஜ சவாரி. வண்டி தெருவைத் தாண்டி மெயின் ரோடு வரை அழகாகப் போனது. நானும் போல்ட்டு தாவும் பின்னாலேயே ஓடினோம்.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு, பயம் வந்தால் தாளம் போடுவார். சின்ன வயதில் மிருதங்கம் கற்றுக்கொண்டதன் மிச்சம். அன்று தொடையில் போட வேண்டிய ஆதி தாளத்தை மாமியின் தோளில் போட்டுவிட்டார். மாமி இரண்டாவது தட்டில் நிறுத்தினார். வண்டி நின்றதும் மாமாவும் நிறுத்தினார். மாமி கிளப்பினார். தாளம் கிளம்பியது. மாமி நிறுத்தினார். இப்படி நூறு அடிக்குள் எட்டு தடவை. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு "மாஷிமா, ஆஸ்தே ஆஸ்தே, மெதுவா மெதுவா" என்று உற்சாகப்படுத்தினார்கள். ஒன்பதாவது தடவை மாமா இறங்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டைப் பார்த்து நடந்தார். மாமி வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். இடையில் அதே பத்தடி.

அன்று சாயந்தரம் மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. அந்த இடது கை மடியில் அசையாமல் கிடந்தது.

"ஏன் எப்பவும் பத்தடி முன்னாடி நடக்கறேள்னு இன்னிக்குக் கோவத்துல கேட்டுட்டேன்" என்றார்.

"முப்பது வருஷமா கேட்டதே இல்லையா மாமி?" என்றாள் என் மனைவி.

"இல்லை. திமிர்னு நெனச்சுண்டு விட்டுட்டேன். தெறந்த மேன்ஹோல், தொங்கற ஒயர், பள்ளம், எல்லாத்தையும் பாத்துண்டு போறாராம். தான் கால் வச்ச எடத்துல நான் வச்சா எனக்கு ஒண்ணும் ஆகாதாம். வண்டியில பின்னாடி உக்காந்தா எதிர்ல வரது தெரியலை, உனக்கு என்ன ஆகுமோன்னுதான் பயமா இருக்குன்னார். தனக்கு ஆகும்னு இல்லையாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பத்தடியை வைத்து நாங்கள் எத்தனை சிரிப்புச் சிரித்திருக்கிறோம். என் மனைவி எழுந்து போய் காபியைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து எங்கள் சண்டைகளில் கிளட்ச் மாமி பேர் அடிபடுவதில்லை.

ஆனால் மாமி கணக்கு வாத்தியார். விடை தப்பு என்றால் கேள்வியைத் திரும்பப் படிக்கிற ஜாதி. மறுநாள் காலையில் அவரே பட்டியலின் அடியில் எழுதினார்: நாற்பத்தொன்று, முன்னால் என்ன வருகிறது என்று தெரியவில்லை. பிறகு மாமாவைக் கூப்பிட்டு வண்டியில் உட்காரவைத்து, தானும் முன்னால் ஏறிக்கொண்டார்.

"நிமிந்து உக்காருங்கோ. கீழ பாக்காதீங்கோ, என் ஹெல்மெட்டையும் பாக்காதீங்கோ. எனக்கு மேல பாருங்கோ. என்ன தெரியறது?"

மாமா நிமிர்ந்தார். ஆறடிக்காரர், உயரமான பின் சீட்டு, முன்னால் ஐந்தடி மாமி. "பானர்ஜி வீட்டு கேட் தெரியறது. அதுல தாழ்ப்பாள் சரியில்லை. அதுக்கு அந்தண்டை ரெண்டு பள்ளம்."

"நான் குள்ளமாப் பொறந்ததே இதுக்குத்தான். கையெழுத்துப் போடுங்கோ."

போட்டார். ஆனால் வண்டியைக் கிளப்பு என்று சொல்லவில்லை. மாமியும் கேட்கவில்லை. செப்டம்பர் போய்க்கொண்டே இருந்தது. தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் இறங்கியது. மகாளயத்துக்கு இரண்டு நாள் முன்னால், வண்டியைப் பார்க்க ஒருவர் அமாவாசை அன்று மத்தியானம் வருகிறார் என்று போல்ட்டு தா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். மாமி துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். சாயந்தரம் வரை துடைத்தார்.

மகாளய அமாவாசை விடியல். வங்காளமே விழித்து ரேடியோவை வைத்திருக்கிற நேரம், எந்தத் தெருவில் நின்றாலும் துர்கையைப் போற்றும் சண்டி பாட்டு கேட்கும். ராத்திரி மழை பெய்து விட்டிருந்தது. வருஷா வருஷம் அன்று மாமா டாக்சியில் கங்கைக் கரைக்குப் போய், பாபு காட் படித்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்வார். அந்தத் தடவை துணைக்கு நான். டாக்சியை வாசலில் நிறுத்தி, எள்ளும் தர்ப்பையும் சொம்பும் அடங்கிய பையை உள்ளே வைத்தேன்.

மாமா வெளியே வந்தார். பஞ்சகச்சம், நெற்றி நிறைய விபூதி, கையில் ஹெல்மெட். நேராகப் போய் பைக் பக்கத்தில் நின்றார். பின்னாலேயே மாமியும் வந்தார்.

எனக்குக் கவலையாகிவிட்டது. மனுஷரைக் காப்பாற்ற நினைத்து, "மாமா, மடி போயிடுமே, டாக்சியிலயே வந்துடுங்களேன்" என்றேன்.

"மடி ஆட்சேபப் பட்டியல்ல இல்லை" என்றார். "எப்படியும் கங்கையில முழுகத்தான் போறேன். நாற்பத்தொரு ஆட்சேபமும் தீர்ந்து கையெழுத்தாச்சு. ஆட்சேபம் இல்லாதபோது மறுக்கறது முறை இல்லை."

பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, மாமியைப் பார்த்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில், "பயம் இருக்கு. அது தனி. நீ கெளப்பு" என்றார்.

பஞ்சகச்சம் எதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு பக்கமும் கால் போட்டு மாமா கம்பீரமாக உட்கார்ந்தார். முன்னால் பைக், பின்னால் டாக்சியில் நான். டாக்சிக்காரர் பீஹார் ஆசாமி. "அந்த ஹெல்மெட் பண்டிட்ஜி யார் சாஹப்?" என்று கேட்டார். எங்கள் கீழ் வீட்டுக்காரர் என்று சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது என்று நினைக்கிறேன்.

ராஷ்பிகாரி முனை வரை எல்லாம் சுகம். அங்கேதான் வந்தது வினை. மாமி வழக்கமாகப் போகிற சிறு தெருவைப் பந்தல் மூங்கில் அடைத்திருந்தது. மாற்றுப் பாதையில் டிராம் தண்டவாளம், மழையில் நனைந்து பளபளவென்று. மாமி தினமும் சுற்றிப் போனது இதற்குப் பயந்துதான் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. நாற்பத்தொரு ஆட்சேபத்தையும் தீர்த்து வைத்தவர் தன்னுடைய ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வண்டியின் பின் சக்கரம் தண்டவாளத்தில் ஏறி ஒரு வெட்டு வெட்டியது. மாமி இரண்டு காலையும் ஊன்றி நடு ரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் ஒரு பஸ், இரண்டு ஆட்டோ, எங்கள் டாக்சி, எல்லாம் ஹாரன் அடித்தன. போச்சு, மத்தியானம் வண்டி கைமாறிவிடும் என்று முடிவுகட்டிவிட்டேன்.

மாமா இறங்கவில்லை. முன்னால் குனிந்து மாமியிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை மாமி பிறகு எத்தனையோ முறை நடித்துக் காட்டியிருக்கிறார்.

"இது எனக்குத் தெரிஞ்ச எடம். இங்க யார் யார் எப்படி விழுந்தான்னு முப்பத்துமூணு வருஷம் எழுதியிருக்கேன். தண்டவாளத்தோட கூடவே போனவன்தான் விழுந்தான். குறுக்க வெட்டினவன் ஒருத்தனும் விழலை. ஹாண்டிலை நேரா வச்சுக்கோ. பிரேக்கைத் தொடாதே."

"எனக்கு பயமா இருக்கு."

"இருக்கட்டும். நான் முன்னாடி பாத்துண்டுதான் இருக்கேன். கிளட்சை மெதுவா விடு."

மாமி விட்டார். வண்டி தண்டவாளத்தைக் குறுக்காக வெட்டி, முதல் தடம், இரண்டாவது தடம், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. நான் டாக்சிக்குள் கைதட்டினேன். டாக்சிக்காரரும், எதற்கென்று தெரியாமலே, ஸ்டியரிங்கில் தட்டினார்.

பவானிபூர் தாண்டி, மைதானம் வந்தது. அகலமான ரோடு, இரண்டு பக்கமும் ஈரப் புல், மேலே வெளுத்துக்கொண்டு வருகிற வானம். மாமி மூன்றாவது கியருக்குப் போவது பின்னாலிருந்தே தெரிந்தது. மாமாவின் வலது கை உயர்ந்தது. ஒரு தட்டு. இரண்டு. முடிந்தது என்று நினைத்தேன். கை காற்றில் ஒரு கணம் நின்று, மூன்றாவது தடவையாக மாமியின் தோளில் இறங்கியது.

வண்டி இன்னும் கொஞ்ச தூரம் போய் ஒரு மரத்தடியில் ஒதுங்கியது. மாமி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கி துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் டாக்சியை நிறுத்தச் சொல்லி ஓடினேன்.

"என்ன ஆச்சு?" மாமா பதறினார். "மூணுதானே தட்டினேன்?"

"ஒண்ணுமில்லை. கண்ணுல பூச்சி."

"கண்ணாடி மூடித்தானே இருந்தது. பூச்சி எப்படி வரும்?"

"இதையெல்லாம் ரிப்போர்ட்ல எழுத வேண்டாம்" என்றார் மாமி.

பாபு காட் படித்துறையில் மாமா அப்பாவுக்குத் தண்ணீர் விட்டார். கரையில் மாமி இரண்டு ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது மாமா டாக்சியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையோடு நான் தனியாக வந்தேன்.

மத்தியானம் வண்டி வாங்க வந்த மனிதரை மாமாவே வரவேற்றார். நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். தீர்வுக் கட்டத்தைப் படிக்கவில்லை. அந்த ஆள் பதினேழில் எழுந்து, இருபதில் செருப்பைத் தேடினார். அதற்குப் பிறகு, ஒப்பந்தப்படி, இறுதி அறிக்கை. எழுதியது மாமா, சாட்சிக் கையெழுத்து நான். "சவாரியின்போது பயம் டிராம் தண்டவாளம் வரை இருந்தது. அதன்பின் காணப்படவில்லை. வண்டியை விற்க வேண்டிய அவசியம் இல்லை. பின் இருக்கையை இரண்டு அங்குலம் அகலப்படுத்தப் பரிந்துரைக்கிறேன்." தெருவில் அன்று தீபாவளி மாதிரி இருந்தது. பானர்ஜி பாபு சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்தார், போல்ட்டு தா சீட்டை அளந்துகொண்டு போனார்.

இரண்டு வருஷம் முன்னால் நாங்கள் பவானிபூருக்கு வீடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்கள் இங்கே டிபனுக்கு வருகிறார்கள், பைக்கில்தான். மாமா இப்போது பின்னாலிருந்து வழி சொல்கிறார், சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு இலவச ஆலோசனை வழங்குகிறார். வாசலில் வந்து நின்றதும் மாமி மூன்று முறை ஹாரன் அடிப்பார். அது கேட்டதும் என் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள்.

மூன்று ஹாரன் வரக் கொஞ்சம் தாமதமானால் நான் பால்கனிக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுகிறேன். நனைந்த தண்டவாளம், திறந்த மேன்ஹோல், தாழ்ப்பாள் சரியில்லாத கேட், இவற்றோடு பட்டியலில் உள்ள நாற்பத்தொன்றும் எனக்கு மனப்பாடம்.